கேளாமல் போட்ட பொன்

போன மாதம் எனக்குப் பிரியாவிடை வைத்தீர்களே, அன்றைக்குக் கேக் வெட்டும்போது உங்களில் ஒருத்தி, "அங்கிள், இவ்வளவு வருசத்தில நீங்கள் விட்ட பெரிய பிழை என்ன?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தீர்கள். வாய் நிறையக் கேக் இருந்ததால் நானும் தலையை ஆட்டித் தப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை.  ஆகவே எழுதித் தருகிறேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசியுங்கள்.

எந்த முலாம் தொட்டியில் எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நான் திரும்பச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். சுவரில் ஒட்ட முடியாத விஷயம்தான் இது.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, ஒரு வசந்த காலம். கியூபெக்கின் லாசாலில் இதே முலாம் பட்டறைதான், ஆனால் அப்போது நாங்கள் ஐந்தே பேர். முதலாளி ஒரு கியூபெக் பெண்மணி. அவரை நாங்கள் எல்லாரும் "மதாம்" என்றே கூப்பிடுவோம். அவர் சிரித்து நான் கண்டது நாலைந்து தரம் இருக்கும். முன்மேசையில் மன்னாரிலிருந்து வந்த ரீட்டா அக்கா. பழைய பதக்கங்களுக்கு ரிப்பன் தைப்பது, சட்டத்தில் பொருத்துவது, வருகிறவர்களுக்கு என்ன வேலை என்று துண்டு எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. உள்ளே தொட்டிகளோடு நான்.

அப்போது எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் சனம் கலியாணத்துக்கு முன்னர் குத்துவிளக்கு, கவரிங் ஒட்டியாணம் எல்லாம் கொண்டு வருவார்கள். துண்டில் எழுதியதற்கு மேலே, கேளாமலே நான் ஒரு பூச்சுக் கூடப் போட்டுக் கொடுப்பேன். வாங்க வருகிறவர்களின் முகம் மலரும். "அண்ணை, புதுசு மாதிரிக் கிடக்கு" என்பார்கள். அடுத்த கிழமை பலகாரப் பெட்டி வரும். எங்கள் ஆட்களிடம் மினுக்கம் குறைந்த சாமானைத் திருப்பிக் கொடுத்தால் அது அவர்களை அவமதித்த மாதிரி. ஆகவே எனக்குக் கூடப் போடுவது மரியாதை, குறையப் போடுவது வஞ்சகம். இந்த உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை மதியம், ரீட்டா அக்கா சாப்பிடப் போயிருந்த நேரம், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். முதுகு கொஞ்சமும் வளையவில்லை. கையில் டெப்பனர் என்கிற மூலைக்கடைப் பிளாஸ்ரிக் பை. அதற்குள் இருந்து ஒரு சாம்பல் நிறக் கம்பளி நூல் உருண்டையை எடுத்து மேசையில் வைத்தார். நான் முழித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நூலைப் பிரிக்கத் தொடங்கினார். பிரித்தார், பிரித்தார், மேசை முழுக்க நூல். கடைசியில் உள்ளே இருந்து கன்னங்கரேலென்று ஒரு சிலுவை வந்தது.

அதை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நுனியில் அகன்ற நாலு கை. கைகளுக்கு இடையே குறுக்காக இரண்டு வாள். நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் கிரீடம் வைத்த சிங்கம், சிங்கத்தைச் சுற்றி எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. அந்த எழுத்துக்கு "வீரத்துக்காக" என்று பொருள் என அவரே சொன்னார். பல்கேரிய நாட்டு இராணுவ விருது. துருக்கியரின் ஆட்சியிலிருந்து வெளியே வந்த கையோடு, 1880இல், அந்த நாட்டின் முதல் இளவரசர் தொடங்கிவைத்தது. அதிகாரிகளுக்கு எனாமல் பூசிய சிலுவை, சாதாரணப் படைவீரருக்கு எனாமல் இல்லாத வெறும் உலோகச் சிலுவை. மன்னராட்சி போன பிறகு இந்த விருதும் போய்விட்டது. மன்னர் காலத்துப் பதக்கம் வீட்டில் இருப்பதே ஆபத்து என்றிருந்த காலத்தில், அவருடைய தாய் அதைச் சுற்றி நூலைச் சுற்றிப் பின்னல் கூடைக்குள் போட்டு வைத்தாராம். அந்த உருண்டையில் யாரும் ஒருநாளும் ஒன்றும் பின்னவில்லை. இப்போது அந்த நாடு அதே விருதை அதே பெயரில் மீண்டும் கொண்டுவந்துவிட்டது, இனி ஒளிக்கத் தேவையில்லை என்றார்.

"என் அப்பா முதலாம் உலகப் போரில்..." என்று அவர் தொடங்கினார். அவருடைய பிரெஞ்சை என் தமிழில் தருகிறேன்.

நான் குறுக்கே விழுந்தேன். "ஓம், ஓம். எப்ப வேணும்?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சுருக்கமாகச் சொன்னார். வியாழன் நாலு மணிக்கு வேண்டும். வெள்ளிக்கிழமை விமானம். ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஊரில், பழைய போர்களில் விருது வாங்கியவர்களின் பெயர் பொறித்த கல் ஒன்றைத் திறக்கிறார்கள். அப்பாவின் சிலுவையைக் கோட்டில் குத்திக்கொண்டு அப்பாவின் பெயருக்கு முன்னால் அவர் நிற்கப் போகிறார்.

"எப்பிடி வேணும்?" என்று கேட்டேன்.

"கொம் அவான்," என்றார். முந்தி இருந்த மாதிரி.

ஒரு கடித உறையையும் தந்தார். அது ரிப்பன் தைக்கிறவருக்கு என்று நினைத்து, திறந்தும் பார்க்காமல் ரீட்டா அக்காவின் தட்டில் போட்டேன்.

ஏன் குறுக்கே விழுந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை பொய். எனக்குப் படைவீரர் கதை கேட்கப் பிடிக்காது. எங்கள் ஊரில் சீருடையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையை நீட்டி, அவன் முகத்தைப் பார்ப்பதா நிலத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றவன் நான். துவக்குப் பிடித்த எவருடைய கதையும், எந்தப் பக்கத்துக் கதையும், எனக்கு வேண்டாம் என்றுதான் இந்த நாட்டுக்கு வந்தேன். வந்த இடத்தில் எனக்குக் கிடைத்த வேலை மற்றவர்களின் பதக்கங்களை மினுக்குவது. கையால் மினுக்குவேன், காதைக் கொடுக்கமாட்டேன். அந்தப் பெண்மணியின் வாயை அடைத்ததும் அதனால்தான். பிறகு மனம் உறுத்தியது. பாவம், வயதான மனுசி, அவவைக் கதைக்க விட்டிருக்கலாமே என்று. அந்த உறுத்தலுக்கு நான் கண்டுபிடித்த மருந்தைக் கேளுங்கள்.

புதன்கிழமை கறுப்பை எடுத்தேன். கம்பளி நூலுக்குள் கிடந்தால் வெள்ளி அப்படித்தான் கறுக்கும். கறுப்புப் போகப் போக, சிங்கத்தின் பிடரிமயிர் இடுக்கில், வாள்களின் கைப்பிடி ஓரத்தில், மஞ்சளாக ஒரு மினுக்கம் தெரிந்தது. ஆகா, இது பொன் முலாம் பூசிய சிலுவை, தேய்ந்து போய் இடுக்கில் மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது என்று முடிவு கட்டினேன். முந்தி இருந்த மாதிரி என்றாரே, முந்திப் பொன்னாக இருந்திருக்கிறது. மனுசி அதைச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். கதையைக் கேட்காமல் விட்டதற்கு ஈடாக, கேளாமலே நான் பொன்னைப் போட்டுக் கொடுப்பேன்.

வெள்ளி கறுக்கும் முன் மஞ்சளிக்கும். இது உங்களுக்கு முதல் கிழமையே சொல்லித் தருகிற விஷயம். எனக்குத் தெரியாதா? என் வீட்டில் பிள்ளைக்குப் பால் புகட்டிய வெள்ளிச் சங்கு அலுமாரிக்குள் கிடந்து அப்படி மஞ்சளித்ததை நானே தேய்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் பொன்னைத்தான் பார்க்க விரும்பினேன். விரும்பியது கண்ணுக்குத் தெரிந்தது.

பொன் தொட்டியிலிருந்து அது வெளியே வந்தபோது சிங்கம் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. மெல்லிய துணியில் சுற்றி வைத்துவிட்டு, பஸ்சில் வீட்டுக்குப் போகும்போது விசிலடித்துக்கொண்டு போனேன்.

வியாழன் காலை பதினொரு மணிக்கு, ரிப்பன் கோர்க்கச் சிலுவையை ரீட்டா அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இள நீலத்தில், இரண்டு ஓரமும் வெள்ளிக் கோடு போட்ட ரிப்பனை அவர் முதல் நாளே தேடி எடுத்து வைத்திருந்தார். துணியைப் பிரித்தவர் கையை அப்படியே நிறுத்தினார்.

"தம்பி, இது வந்த நேரம் எந்த நிறம்?"

"கறுப்பு."

"கறுப்புக்குக் கீழ?"

"ஏனக்கா?"

அவர் உறைக்குள் இருந்த தாளை எடுத்து விரித்தார். மஞ்சளித்த, மடிப்பில் கிழிந்த விருதுச் சான்றிதழ். முழுக்க அந்த நாட்டு எழுத்து. எங்கள் இருவருக்கும் அதில் ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாது. ஒன்றைத் தவிர. நடுவில் பெரிதாக ரோம இலக்கத்தில் நாலு என்று இருந்தது.

"இந்த நாலு என்னெண்டு பார்க்க மதாமின்ர புத்தகத்தை எடுத்தனான்," என்றார் ரீட்டா அக்கா. மதாமிடம் உலகத்துப் பதக்கங்களெல்லாம் நிறத்தோடு அச்சடித்த ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதில் அந்தப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். படைவீரர் சிலுவை நாலு தரம். முதலாம் தரமும் இரண்டாம் தரமும் பொன் நிறம். மூன்றாம் தரமும் நாலாம் தரமும் வெள்ளி.

"நிறம்தான் தரம், தம்பி," என்றார்.

உறைக்குள் ஒரு படமும் இருந்தது. மீசை வைத்த ஓர் இளைஞன், நெஞ்சில் சிலுவை. கறுப்பு வெள்ளைப் படம். அதைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், திருப்பினேன், சரித்தேன். சாம்பல் நிறச் சிலுவை பொன்னா வெள்ளியா என்று எந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது. ஆனாலும் ஐந்து நிமிடம் பார்த்தேன்.  ஒரு மனுசனை, அவன் செத்து எத்தனையோ வருசத்துக்குப் பிறகு, அவனையும் கேட்காமல் அவன் மகளையும் கேட்காமல், நான் பதவி உயர்த்தி வைத்திருந்தேன்.

பொன்னைக் கழற்றலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கழற்றும் கரைசல் இருக்கிறது. ஆனால் அது பழைய வெள்ளியையும் கடிக்கும். சிங்கத்தின் முகம் ஏற்கெனவே தேய்ந்து, மூக்கு எது வாய் எது என்று தெரியாத நிலை. தேய்த்து எடுத்தாலும் அதே கதிதான். பொன் போகும், கூடவே சிங்கமும் போகும்.

மதாம் அன்றைக்குத் துருவா ரிவியேர் என்ற ஊரில் ஒரு இயந்திரம் பார்க்கப் போயிருந்தார். அவருக்கு ஃபோன் எடுத்தேன். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன்.  மதாம் கேட்டார், "அந்தச் சிலுவை யாருடையது?"

"அந்த அம்மாவுடையது, மதாம்."

"அப்படியென்றால் ஏன் எனக்கு ஃபோன் எடுக்கிறாய்?"

வைத்துவிட்டார். அவரைத் திட்டிக்கொண்டே ஃபோனை வைத்தேன். உதவி கேட்டால் விடுகதை போடுகிற முதலாளி யாருக்கு வேண்டும் என்று பல்லைக் கடித்தேன்.

அந்த அம்மாவுக்கு எடுக்கலாம் என்றால், துண்டில் வில்லரே பகுதியிலுள்ள அவருடைய வீட்டு ஃபோன் இலக்கம் மட்டும் இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பயணத்துக்குச் சாமான் வாங்கப் போயிருப்பார். பத்து நிமிடத்துக்கொரு தரம் அழைத்தேன். எட்டாம் தரம் அழைக்கும்போது, அவர் எடுத்துவிடப் போகிறாரே என்ற பயமும் கூடவே இருந்தது. கொண்டு வந்த புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

ஒரு மணி போல ரீட்டா அக்கா தொட்டிப் பக்கம் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நான் சொல்லுறதைக் கேளும். பொன்னுக்கு மேல வெள்ளியைப் போடும். அரை மணித்தியால வேலை. வெளியில பார்த்தால் வெள்ளிதானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே அக்கா."

"எனக்கும்தான் தெரியும். நான் சொல்லமாட்டன். மாதாவே, அந்த மனுசி நாளைக்குப் பிளேன் ஏறுது. இப்ப போய்ச் சொல்லி அதின்ர நெஞ்சைக் கலக்கி என்ன காணப்போறீர்? தேவையில்லாத கரைச்சல்."

அவர் கெட்டவர் அல்ல. அந்தப் பெண்மணி மேல் உள்ள இரக்கத்தில்தான் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் தெரியவில்லை. சிலுவை வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டும், வெள்ளி நிறத்தில் இருக்கும். யாருக்கும் நட்டமில்லை.

ஒன்றரைக்கு நான் சிலுவையைக் கம்பியில் கட்டினேன். வெள்ளித் தொட்டிக்கு மேலே பிடித்தேன். அது மெல்லச் சுழன்றது. சிங்கம் ஒரு தரம் என்னைப் பார்க்கும், மறுதரம் முதுகைக் காட்டும். அப்போது எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். நேற்றும் நான் அந்த மனுசியிடம் கேட்கவில்லை. இப்போதும் கேட்காமல்தான் செய்யப் போகிறேன். நேற்றுப் பொன் போட்டவனும் இன்றைக்கு வெள்ளி போடுகிறவனும் ஒரே ஆள். இந்த ஆளை நம்பித்தானே இப்போது இந்த இடத்தில் நிற்கிறேன் என்று நினைத்தபோது சிலுவையைத் தொட்டியிலிருந்து விலக்கினேன். மதாம் போட்ட விடுகதையும் அப்போதுதான் எனக்கு விளங்கியது, சிலுவை யாருடையதோ அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கம்பியை அவிழ்த்தேன். துணிச்சலில் செய்தேன் என்று நினைக்காதீர்கள். பயத்தில்தான் செய்தேன். அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. சொல்ல வேண்டியதைப் பிரெஞ்சில் வசனமாக்கிப் பார்த்தேன்.  வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் எழும்பினேன்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தப் பெண்மணி வந்தார். தலைமயிரை வெட்டி அழகாகச் சீவியிருந்தார், ஞாயிற்றுக்கிழமைக்காக. அதைக் கண்டதும் எனக்கு இன்னும் மோசமாகிவிட்டது. துணியை அவர் முன்னால் வைத்துப் பிரித்தேன். பிறகு, யோசித்து வைத்திருந்த வசனம் எல்லாம் மறந்துபோய், "இது என் பிழை. உங்களிடம் கேட்காமல் பொன் போட்டுவிட்டேன். உங்கள் அப்பாவின் சிலுவை வெள்ளி" என்றேன்.

அவர் சிலுவையைக் கையில் எடுத்தார். ரீட்டா அக்காவின் மேசையில் இருந்த சின்னக் கண்ணாடிக்கு முன்னால் போய், கோட்டின் இடப்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 

"அழகாக இருக்கிறது," என்றார். "இது பொன்னாக இருந்திருக்க வேண்டும் என்று என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்."

எனக்கு மூச்சு வந்தது. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். ரீட்டா அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

பிறகு அவர் சிலுவையைக் கோட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். வைத்த கையை உடனே இழுத்துக்கொண்டார்.

"எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார்," என்றார். "அவரும் போருக்குப் போனவர். அவருக்குக் கொடுத்ததும் வெள்ளிதான். தலைநகர் சோபியாவில் எங்கோ ஒரு கடையில் பொன் சிலுவை வாங்கிக் குத்திக்கொண்டு திருநாளுக்குத் திருநாள் தேவாலயத்துக்கு வருவார். என் அப்பா அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க எங்களையும் விடவில்லை. சாகும்போதும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரின் மகன் அங்கே வருவான். நான் இதைக் குத்திக்கொண்டு போனால் அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். கல்லில் நாலு என்று இருக்கும், என் நெஞ்சில் பொன் இருக்கும்."

நான் நின்ற இடத்திலேயே குறுகிப்போனேன். திங்கட்கிழமை அவர் சொல்ல வந்த கதை இதுதான். இரண்டு நிமிடக் கதை. அதைக் கேட்டிருந்தால் பொன் தொட்டிப் பக்கமே போயிருக்கமாட்டேன்.

"கழற்ற முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும். ஆனால் சிங்கத்தின் முகம் போய்விடும்."

"மேலே வெள்ளி பூசலாமா?"

"பூசலாம். அரை மணி நேரம்."

அவர் என் முகத்தை ஊன்றிப் பார்த்தார். "அப்படியென்றால் நான் வருவதற்கு முன்பே நீ அதைச் செய்திருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்காது."

"ஓம்."

"நினைத்தாயா?"

ரீட்டா அக்கா ரிப்பனை மடித்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. பொய் சொல்ல இடம் இருந்தது. "தொட்டி வரைக்கும் கொண்டுபோனேன்," என்றேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். கோபமா ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "பூசு," என்றார். "அம்மாவின் பொன் உள்ளே இருக்கட்டும். அப்பாவின் வெள்ளி வெளியே இருக்கட்டும். ஆனால் நான் இங்கே இருந்து பார்ப்பேன்."

நாலேகாலுக்கு, அதே கம்பியில் கட்டி, அதே தொட்டியில் இறக்கினேன். ஒன்றரை மணிக்குச் செய்யப் போன அதே வேலைதான், ஒரு விரலசைவுகூட வேறு இல்லை. ஆனால் இம்முறை கேட்டுச் செய்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தார். தொட்டிக்குள் சிலுவையை அசைத்துக்கொண்டே, "உங்கள் அப்பாவுக்கு எதற்காகக் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன். ஒரு படைவீரனைப் பற்றி என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் சொன்னார். காயப்பட்ட மூன்று பேரை ஆற்றைக் கடந்து தூக்கிக்கொண்டு வந்தாராம். இரண்டு பேர் பிழைத்தார்கள். பிழைக்காத மூன்றாமவன் எதிரிப் படையைச் சேர்ந்தவன். அவனைப் பற்றி அதிகாரி தாளில் எழுதவில்லை. எழுதியிருந்தால் பொன் கிடைத்திருக்கும் என்பது அம்மாவின் கட்சி. எழுதியிருந்தால் தண்டனைதான் கிடைத்திருக்கும் என்பது அப்பாவின் கட்சி. இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏனென்று தெரியாமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரீட்டா அக்கா இள நீல ரிப்பனைக் கோர்த்தார். எல்லாம் முடிந்து கோட்டை மாட்டியவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"வெள்ளி தேயுமா?"

"தேயும். அடிக்கடி துடைத்தால் கெதியில் தேயும்."

"தேய்ந்தால் பொன் தெரியும். அப்போது நான் இருக்கமாட்டேன். பேரப்பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? தாத்தாவும் பக்கத்து வீட்டுக்காரரைப் போலத்தான் என்று நினைப்பார்கள். நடந்ததை எழுதிக் கொடு."

நான் பிரெஞ்சு பேசுவேன். எழுதினால் மதாமே தலையில் அடித்துக்கொள்வார். ரீட்டா அக்காவைப் பார்த்தேன். "என்னைப் பார்க்காதையும்," என்றார் அவர்.

"உன் மொழியில் எழுது," என்றார் அந்தப் பெண்மணி. "நீ வாயால் சொல்லு, அதற்குக் கீழே நான் என் மொழியில் எழுதிக்கொள்கிறேன். ஆனால் பிழை விட்டவனின் கையெழுத்தில் அது இருக்க வேண்டும்."

ஆகவே வேலைத் துண்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். நான் வாயால் சொன்னதை அவர் கீழே தன் மொழியில் எழுதி, அதை நாலாக மடித்துச் சான்றிதழோடு உறைக்குள் வைத்தார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு பட்டறைக்கு ஒரு படம் தபாலில் வந்தது. ஒரு கல், பக்கத்தில் நேராக நிமிர்ந்து அவர், நெஞ்சில் சிலுவை. படத்தின் பின்பக்கத்தில் நாலு வரி. மதாம்தான் வாசித்துக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரரின் மகன் வந்தானாம். சிலுவையை வெகுநேரம் பார்த்துவிட்டு, அவர்கள் வீட்டுக் கிணற்றில் இப்போதும் தண்ணீர் இருக்கிறது, வந்து குடித்துவிட்டுப் போங்கள் என்றானாம். குடித்தாராம். சிலுவையையும் என் துண்டையும் அம்மாவின் கம்பளி நூலில் மறுபடி சுற்றி, இம்முறை ஒளிக்காமல் ஊரிலுள்ள பழைய வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருப்பதாக எழுதியிருந்தார். மதாம் வாசித்து முடித்துவிட்டு, "உலோகத்துக்குக் கம்பளி கூடாது என்று நீ சொல்லவில்லையா?" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

பிறகு வந்த வருசங்களில் எங்கள் சனம் குத்துவிளக்கு கொண்டு வந்தாலும் நான் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். "முந்தி மாதிரி எண்டால் எப்பிடி?" என்று. சிலர் எரிச்சல்படுவார்கள். "என்னண்ணை, மினுக்கித் தாங்கோவன், கதையை விட்டிட்டு" என்பார்கள். பரவாயில்லை. நீங்களும் கேளுங்கள். பதில் நீண்டால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேளுங்கள், தொட்டி எங்கும் ஓடிப்போகாது.

பல்கேரியாவில் ஏதோ ஒரு ஊரில், ஒரு கம்பளி உருண்டைக்குள், தமிழில் எழுதிய ஒரு துண்டு இப்போதும் இருக்கிறது. அதில் இருப்பது இவ்வளவுதான்: "இந்தச் சிலுவை வெள்ளி. உள்ளே தெரியும் பொன் இதைப் பெற்றவருடைய ஆசை அல்ல. நான் கேளாமல் போட்டது."